ஐஸ் பெட்டியில் ஒரு மொட்டு

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரிக்குக் குளிர்காலம் ஒரு விருந்தாளி. மார்கழியில் விடியும் முன் வருவார், பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு டீ குடிப்பார், பால்காரர் திரும்புவதற்குள் கிளம்பிவிடுவார். அதற்குள் குல்லா மாட்டிக்கொண்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்ற மாதங்களில் வெயில்தான் வீட்டு மனிதர். கேட்காமல் உள்ளே வரும், கட்டிலில் படுக்கும், தண்ணீர்க் குடத்தில் கையை விடும். அப்படிப்பட்ட ஊரில், பனி உருகுகிற உயரத்தில் மட்டுமே பூக்கும் செடிகளை வளர்ப்பது என்று முடிவு செய்தேன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் என்னோடு படித்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி வந்தது, அல்லது ரியல் எஸ்டேட் வந்தது. எனக்கு இது வந்தது.

காரணம் ஒரு நீலம்.

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் முதலாளி ஒரு வருஷம் பத்ரிநாத்துக்குப் பஸ் விட்டார். யாத்திரைக்காரர்களுக்குப் புளிசாதம் கிளறிக் கொடுக்கவும், தொலைந்துபோகிறவர்களைத் தேடிப் பிடிக்கவும் என்னையும் ஏற்றி அனுப்பினார். மலைப்பாதையில் ஓரிடத்தில் பஸ் நின்றது. எல்லோரும் ஆளுக்கொரு பாறை மறைவு தேடி ஓடினார்கள். நானும் ஓடினேன். என் பாறைக்கு அடியில், இரண்டு கல்லுக்கு நடுவே, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பூ வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வானம் அதற்கு முன்னால் வெளுத்துப்போன லுங்கி மாதிரி இருந்தது. அவ்வளவு நீலம். வந்த வேலையை மறந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். எனக்கு வயிறு சரியில்லை என்று பஸ் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். ரிஷிகேஷ் வரும்வரை எனக்கு யாரும் மோர் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை.

அதன் பெயர் ஜென்ஷியன் என்று ஊருக்கு வந்த பிறகு தெரிந்தது. கல்லை அடுக்கி, இடுக்குகளில் மலைச்செடிகளை நட்டு, சின்னதாக ஒரு மலையையே வீட்டில் செய்துகொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. அவர்களுடைய இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். உங்கள் ஊரில் எத்தனை மாதம் பனி மூடியிருக்கும் என்று முதல் கேள்வி வந்தது. எங்கள் ஊரில் பனி ஃபிரிஜ்ஜின் மேல்தட்டில் மட்டும் விழும் என்று எழுதினேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஓர் அம்மாள், தன் ஊரில் பயங்கரமான வெயில், இருபத்தைந்து டிகிரி, செடிகளுக்கு ஈரத்துணி போர்த்திவிட்டு அழுதுகொண்டிருக்கிறேன் என்று எழுதினாள். இருபத்தைந்து டிகிரிக்கு எங்கள் தெருவில் பரணிலிருந்து கம்பளி இறங்கும்.

ஆனால் பாடம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தச் செடிகளுக்கு நல்ல மண் ஆகாது. எரு ஆகாது. அரைப்பட்டினியாக இருக்க வேண்டும், கல்லுக்கு நடுவே கிடக்க வேண்டும், குளிரில் உறைய வேண்டும். முதல் இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் குறைவே இல்லை. மூன்றாவதை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று கல் இறக்கினேன்.

கல் என்றால் கிரானைட் உடைசல். வெளிதேசத்துக் கல்லறைகளுக்கு ஏற்றுமதியாகிற பலகைகள் பாலீஷ் போடும்போது உடைந்தால் பட்டறைக்காரர்கள் ரோட்டோரம் கொட்டுவார்கள். எங்கள் கல் அவர்கள் ஊருக்குச் சாவுக்குப் போகிறது, அவர்கள் ஊர்ப் பூ எங்கள் ஊருக்குச் சாக வரட்டும் என்று ஒரு டிராக்டர் நிறைய வாங்கினேன். இடுக்குகளை நிரப்பக் கல்லைப் பொடித்துச் செய்கிற ரோபோ சேண்ட் ஒரு லோடு. கல்லும் மணலும் இறங்கினால் தெரு சும்மா இருக்குமா? மாடி எழுப்புகிறேன் என்று பேச்சு கிளம்பியது. முனிசிபாலிடியில் கட்டடம் பார்க்கிறவர் ஒருவர் பைக்கில் வந்து, ப்ளான் இருக்கிறதா என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

“ஏமண்டி, ப்ளான் உந்தா?”

“வீடு இல்ல சார். கொண்டா.”

கொண்டா என்றால் மலை. அவர் என் பின்கட்டை எட்டிப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு ஒரு மலை இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மலை என்றால் அது சுரங்க இலாகா பார்க்க வேண்டியது, நமக்கு வராது என்று தெலுங்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மாவட்டத்தில் மலை கரைந்து போகிற செய்திதான் அவருக்குப் பழக்கம். ஒரு மலை புதிதாக முளைத்ததற்கு எந்தப் பிரிவில் நோட்டீஸ் கொடுப்பது?

மலைக்கு வடக்குச் சுவர் பக்கத்து விசைத்தறிக் கூடம். தறி ஓடும்போது சுவர் நடுங்கும், சுவரோடு மலையும் நடுங்கும். காலையில் உச்சியில் தூவிய விதை சாயந்தரம் அடிவாரத்தில் இருக்கும். நிலநடுக்கத்துக்குக் குழுவிடம் மருந்து கேட்டேன். எரிமலைப் பகுதியில் இருக்கிறீர்களா என்று மரியாதையோடு விசாரித்தார்கள்.

முதல் கோடையில் எல்லாம் போயிற்று. காய்ந்தன என்பது நாகரிகமான சொல். உண்மையில் வெந்தன. வெள்ளை வெல்வெட்டு மாதிரி இலை விட்ட ஒரு செடி பங்குனியில் அப்பளமாகப் பொரிந்தது. பிழைத்திருந்த இரண்டுக்கு என் மனைவி இரக்கப்பட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள்.

“பச்சப்புள்ள மாதிரி கீது. தண்ணி கூட ஊத்தாம கல்லுல போட்டு வாட்டினு கீறியே, நீ எல்லாம் மனுசனா?”

வேர் அழுகி அவையும் போயின. அவளுக்கு அது என் கல்நெஞ்சின் கணக்கில் சேர்ந்தது.

இரண்டாவது வருஷம் நிதானத்துக்கு வந்தேன். மலையை மலையாக விட்டுவிட்டு, ஒரே ஒரு ஜென்ஷியனைச் சின்னத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றுவது. இமயமலை அடிவாரத்து நர்சரி கூரியரில் அனுப்பியது அது. வேண்டியது ஒன்றுதான். அந்த நீலம் ஒருமுறை, ஒரே முறை, என் கண் முன்னால் திறக்க வேண்டும். வேறு எந்தப் பேராசையும் எனக்குக் கிடையாது. கல்யாணத்தில் கூட இத்தனை தெளிவாக ஆசைப்பட்டதில்லை.

மொட்டு விட வேண்டுமானால் அது ஒரு குளிர்காலம் தூங்கி எழ வேண்டும். ஃபிரிஜ்ஜைத் திறந்தேன்.

“மாவு வெக்கற எடத்துல மண்ணு வெச்சே, அப்புறம் நீயும் மண்ணுதான் துன்னுவே” என்றாள் மனைவி.

அப்போதுதான் சித்தூர் ஞாபகம் வந்தது. சித்தூரில் புளிக்குக் குளிர்சாதனக் கிடங்குகள் உண்டு. புளி கறுக்காமல் இருக்க அதை வருஷக்கணக்கில் குளிரில் தூங்கவைக்கிறார்கள். லாட்ஜுக்கு மொத்தமாகப் புளி வாங்குகிற பழக்கத்தில் ஒரு கிடங்கின் மேனேஜரை எனக்குத் தெரியும். ஐப்பசியில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு அம்மாள், “இன்னா கீரை இது?” என்று கேட்டாள். கீரை இல்லை, பனிமலைப் பூ என்றேன். “ஒடம்புக்கு நல்லதா?” என்றாள். தெரியாது என்றேன். “அப்புறம் எதுக்கு எடுத்துக்கினு போறே?” தொட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கனமான கதவைத் திறந்தார். உள்ளிருந்து ஆல்ப்ஸ் மலை வெளியே வந்தது. வெள்ளைப் புகையாகக் குளிர். அதன் நடுவே கூரை வரைக்கும் புளி மூட்டை. இரண்டு மூட்டைக்கு நடுவே தொட்டியைச் செருகினோம். என் ஜென்ஷியன் அந்தக் குளிர்காலம் முழுவதும் நாலைந்து ஜில்லாக்களின் சாம்பாருக்கு நடுவே தூங்கியது. மாசி முடிவில் போய் எடுத்தபோது இலைக்கொத்தின் நடுவில் ஒரு பச்சைப்புள்ளி எழும்பியிருந்தது. மொட்டு! முகர்ந்து பார்த்தேன். வத்தக்குழம்பு வாசனை.

வீட்டுக்குக் கொண்டுபோனால் வெந்துவிடும் என்று லாட்ஜில் ஓர் ஏசி அறையின் மூலையில் வைத்தேன். மொட்டையடித்துக்கொண்டு இறங்கிய ஒரு குடும்பம் அந்த அறைக்கு வந்தது. தொட்டியில் செடி என்றால் துளசிதான் என்று முடிவுகட்டி, சந்தனம் வைத்து, சுற்றிவந்து, தீர்த்தமும் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சந்தனத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துக்கொண்டு, மொட்டோடு நகரிக்கு வந்துசேர்ந்தேன். அதற்குள் சித்திரை பாதி.

மொட்டு ஒரு பென்சில் முனையாக நின்றுவிட்டது. குழுவில் படம் போட்டேன். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் வேர் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், மொட்டு பருத்து நுனியில் நிறம் தெரிந்ததும் வெயிலில் வைத்தால் திறக்கும் என்றார்கள். வெயில் தயாராக இருந்தது. குளிருக்கு எங்கே போவது? சித்தூர் மேனேஜருக்கு போன் செய்தேன். “புதுப்புளி வந்து ரொம்பிக்கினு கீது சார், எறும்பு நுழைய எடமில்ல” என்றார்.

அப்படி அலைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, ஷாமியானா கடை வாசலில் அதைப் பார்த்தேன். நீளமாக, கண்ணாடி மூடியோடு, உள்ளே குழல் விளக்கோடு, கீழே மோட்டாரோடு. செத்தவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை கிடத்தி வைக்கிற ஐஸ் பெட்டி. வெளிச்சம், குளிர், கண்ணாடிக் கூரை. குழுவிலிருக்கிற பணக்காரர்கள் மலைச்செடிக்கென்று லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற ஆல்பைன் ஹவுஸ் எங்கள் தெருமுனையில் வாடகைக்கு இருந்தது.

உள்ளே போய், “பொட்டி வேணும்” என்றேன்.

கடைக்காரர் எழுந்து நின்று கையைக் கூப்பினார். “எப்பண்ணா? நைனாவா?” என் வயதான அப்பாவைத்தான் கேட்டார்.

“நைனா நல்லா கீறாரு. பொட்டி ஒரு செடிக்கு.”

துக்கத்தில் புத்தி பேதலித்தவர்களை நிறையப் பார்த்த மனிதர் அவர். என் தோளைத் தொட்டார். “செரிண்ணா. எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?”

“எடுக்கறதெல்லாம் இல்ல. ஒரு வாரம் இருக்கட்டும்.”

“ஒரு வாரமா? யாரு வரணும், அமெரிக்காவுலேர்ந்தா?”

“நீலம் வரணும்” என்றேன். அவர் என்னை உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுத்தார்.

பெட்டி மறுநாள் காலை வந்தது. மனைவி நாராயணவனத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியைக் கூடத்தில் இறக்கவைத்து, பிளக்கை மாட்டி, பின்கட்டுக்குப் போய்த் தொட்டியைத் துடைத்து எடுத்துவந்து உள்ளே வைத்து, கண்ணாடியை மூடினேன். குழல் விளக்கின் கீழே, ஆறடி இடத்தில், என் செடி ஒரு மூலையில் ஜம்மென்று இருந்தது. அதன் அழகில் மயங்கி நின்றவன் வாசலை எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. பெட்டி போனால் கூடவே ஷாமியானாவும் போகும், நாற்காலியும் போகும். யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துக்க வீட்டில் போய் எத்தனை நாற்காலி என்று கேட்பது மரியாதையா? ஆட்கள் வழக்கம்போலத் தெருவை அடைத்துத் துணி கட்டி, வழக்கம்போல நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, வழக்கம்போல முகத்தைத் தொங்கவைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு முதலில் கேட்டது சத்தம் இல்லை, சத்தம் நின்றது. எதிர்வீட்டுத் தறி நின்றது. பக்கத்துக் கூடம் நின்றது. அப்புறம் அடுத்தது, அடுத்தது. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை தறி ஓடாது. பிறந்ததிலிருந்து கேட்ட சடசடப்பு தெருக்கோடி வரை அவிந்துபோக, அந்த இடத்தில் ஒரு காக்கை, ஒரு குழாய்ச் சொட்டு, என் மூச்சு. மலை கூட நடுங்காமல் நின்றது. என்ன அமைதி என்று நான் கவித்துவமாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, உள்ளறைக் கட்டிலிலிருந்து நைனா குரல் கொடுத்தார்.

“யாரோ பூட்டாங்க போல கீதே. தறி நின்னுட்ச்சி. என் சட்டைய எடு.”

எண்பதைத் தாண்டியவர். பார்வை மங்கல், காது மட்டும் தறிக்காரக் காது. வெள்ளைச் சட்டையை மாட்டி, தடியை ஊன்றி, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு வாசலுக்குப் போனார். நான் பின்னால் போனேன். ஷாமியானா. நாற்காலி. நாற்காலியில் தெரு. முன்னால், மாரில் அடித்துக்கொண்டு படியேறி வந்தவள் எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி. எங்கள் தெருவில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையது.

“எங்கள உட்டுட்டு பூட்டியே! இனிமே யாரு எங்கள அதட்டுவாங்க…” என்று இழுத்தவள், எதிரே நின்ற நைனாவைப் பார்த்தாள். குரல் பாதியில் தொங்கியது.

“அய்யய்ய, நீ கீறியா?”

“கீறனே. யாரு பூட்டாங்க?”

“நீதான்!”

நைனா கொஞ்சம் யோசித்தார். “எனக்கு யாருமே சொல்லலியே.”

தெரு உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. “இது செத்துட்ச்சா?” என்று எதிர்வீட்டம்மாள் கேட்டாள். சாகவில்லை, பிழைப்பதற்காக வைத்திருக்கிறேன் என்றேன். பிழைப்பதற்காக அந்தப் பெட்டிக்குள் போன முதல் ஜீவன் என்பதால் அவளுக்கு அதை நம்பவே நேரமாயிற்று. நம்பிய பிறகு, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையில் கை வைத்தாள். “இதுக்கா நான் அடுப்புல கொழம்ப உட்டுட்டு ஓடியாந்தேன்? தீஞ்சி போயிருக்கும்டா பாவி!”

நைனா மட்டும் ஷாமியானாவைப் பிரிக்க விடவில்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். செய்தி அதற்குள் போனில் பரவியிருந்தது. விஜயபுரத்திலிருந்து மாலையோடு பஸ்ஸில் வந்திறங்கிய சித்தப்பா மகனை அவரே எதிர்கொண்டு வரவேற்றார்.

“வாடா. கட்னவ வர்லியா?”

“அவளுக்கு மூட்டுவலி பெரிப்பா… நீ… பெரிப்பா?”

“மூட்டுவலியா. சரி சரி, தெரிஞ்சிக்கினேன். மால நல்லா கீதே. உள்ள பொட்டி மேல போட்டுட்டு டீ குடி.”

என்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன். அவர் தன்னைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

ஆனால் நாராயணவனத்துப் பஸ்ஸும் வந்தது. என் மனைவி தெருமுனையில் இறங்கி ஷாமியானாவைப் பார்த்திருக்கிறாள். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு, செருப்பு ஒரு பக்கம் சிதற ஓடிவந்தாள். பெட்டியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், மாலைக்கு அடியில் செடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டியவன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தட்டு மட்டும் பேசியது, வைக்கிற வேகத்தில்.

பேச்சில்லாத அந்த வீட்டில் மொட்டு பருத்தது. லாட்ஜுக்கு லீவு சொல்லிவிட்டேன். பெட்டியருகே பாய் போட்டு உட்கார்ந்தேன். மோட்டார் உறுமும், கண்ணாடியில் நீர் கோக்கும், துடைப்பேன், மறுபடி கோக்கும். பென்சில் முனை வெண்டைப்பிஞ்சாயிற்று. மடக்கிய குடை மாதிரி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டது. கரண்ட் போனால் கண்ணாடிக்கு ஈரத்துணி போர்த்துவேன். வந்தால் பெட்டிக்கு முன்னால் எனக்கு உயிர் வரும். ஒரு நாள் காலை, முறுக்கின் நுனியில், எழுதி எழுதித் தீர்ந்த பேனாவை உதறினால் விழும் கடைசிச் சொட்டு அளவுக்கு நீலம். குழுவுக்கு அனுப்பினேன். நாளை இல்லாவிட்டால் நாளை மறுநாள், நல்ல வெயிலில் வையுங்கள், படம் எடுக்க மறக்காதீர்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்தேன்.

அன்று முற்பகல் தறிகள் மறுபடி நின்றன.

எதிர்வீட்டம்மாள். வெயிலில் மாவு அரைத்துவிட்டு வந்து, மார் அடைக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இந்தமுறை எங்கள் தெருவில் முதல் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷாமியானா கடைக்காரர் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

“அண்ணா, மகன் குவைத்துல கீறான். நாளைக்கு காத்தாலதான் மெட்ராஸ் வந்து எறங்கறான். இன்னோர் பொட்டி வரதய்யபாளையம் பூட்ச்சி.”

நான் நுனி நீலத்தைப் பார்த்தேன். நாளை இல்லாவிட்டால் நாளை மறுநாள். ஐஸ் பாளம் வாங்கிப் போட்டால் எத்தனை நேரம் தாங்கும் என்று மனம் ஒரு கேள்வியைப் புரட்டியது. செடிக்கா, அந்த அம்மாளுக்கா என்று அதற்கே தெளிவாகவில்லை. அது தெளிவாவதற்குள் கட்டிலிலிருந்து நைனா சொன்னார்:

“இன்னாத்த பேசிக்கினு கீறீங்க? எனக்கு அழுதவ அவ. தூக்கினு போங்க.”

கண்ணாடியைத் திறந்து தொட்டியை வெளியே எடுத்தேன். பெட்டியைத் தூக்க எதிர்வீட்டுத் தறிக்காரரும் வந்திருந்தார். மனைவி பேசி அவர் கேட்டே பழகிய மனிதர். தெருவில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. நான் தொட்டியை அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“அத்த ஏன் எடுக்கறே?”

“இல்ல மாமா. அம்மாவுக்கு எடம்…”

“கால்மாட்டுல எடம் கீதே. அவ குட்டை. கெடக்கட்டும், வை.”

வேண்டாம் என்றேன். முறையில்லை என்றேன். “வைன்னா வை” என்றார். அதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. நான் வைத்தேன். அன்று சாயந்தரம், எதிர்வீட்டுக் கூடத்தில், புதுப்புடவையின் மஞ்சள் கரைக்குப் பக்கத்தில், அவளுடைய பாதத்தை ஒட்டி என் தொட்டி இருந்தது. வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி அழுதுவிட்டு, கால்மாட்டில் வந்ததும் கொஞ்சம் நின்று, “இது இன்னா, குவைத் பழக்கமா?” என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். என் மனைவி அங்கே பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் நீர் கோத்தபோது அவளே எழுந்து, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். தலைமாட்டிலும், கால்மாட்டிலும்.

காலையில் மகன் டாக்சியில் வந்து இறங்கினான். தெரு ஒருமுறை அழுது ஓய்ந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். அம்மாளைக் குளிப்பாட்ட வெளியே எடுத்தபோது யாரோ தொட்டியை எடுத்து, தறிக்கூடத்துப் படியில் ஓரமாக வைத்தார்கள். படியில் வெயில் விழுந்திருந்தது. மோளக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதிற்று. நான் ஆண்கள் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு, துக்கத்துக்குரிய முகத்தோடு, படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு ஆடம்பரம் இல்லை. முறுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று தளர்ந்தது. ஓர் இதழ் விலகியது. மோளம் ஒரு அடி விழுந்து சூடு பார்த்தது. இன்னோர் இதழ். அடியில் புள்ளிபுள்ளியாகப் பச்சை, அதற்குமேல் கழுத்து வரைக்கும், விளிம்பு வரைக்கும், அந்த நீலம். டிரைவர் இல்லை, ஹாரன் இல்லை. பையில் போன் இருந்தது, சார்ஜ் இருந்தது. பிணம் குளிப்பாட்டுகிற இடத்தில் போனை எடுத்து நீட்டுகிறவனை எங்கள் தெரு என்ன செய்யும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணால் மட்டும் பார்த்தேன். கண்ணுக்கு அது போதவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்து, சுமங்கலியாகப் போகிறவளுக்குத் தலையில் பூ வைக்கிற நேரம் வந்தது. புத்தூரிலிருந்து வந்த மல்லியும் கனகாம்பரமும் அந்த வெயிலில் கயிறாகத் தொங்கின. அந்த அம்மாளின் மகள் பூவைத் தேடிக்கொண்டு வெளியே வந்தவள் படியில் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, இது உங்க செடிதானே. கிள்ளிக்கட்டா?”

தெரு என்னைப் பார்க்கவில்லை. என் மனைவி பார்த்தாள்.

“கிள்ளிக்கம்மா” என்றேன்.

காம்பு என்று ஒன்று பெரிதாகக் கிடையாது அந்தப் பூவுக்கு. இலையோடு சேர்த்து நகத்தால் கிள்ளினாள். மல்லிச்சரத்துக்கு நடுவே, வகிட்டுக்கு மேலே செருகினாள். பெண்கள் குனிந்து பார்த்தார்கள். “நல்லா கீதுடி” என்று ஒருத்தி சொன்னாள். “எந்தூரு பூவு?” என்று இன்னொருத்தி. தூக்கும்போது மகன் தலைமாட்டில் வந்து நின்றான். அதற்கப்புறம் நான் பின்னால் நடந்த கூட்டத்தில் இருந்தேன். ரோஜா இதழ் மிதிபட்டுக்கொண்டே வந்தது. முன்னால் போகிற தலையில் என்ன இருக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

சாயந்தரம் குழுவில், பூத்தது என்று எழுதினேன். படம் எங்கே என்றார்கள். படம் இல்லை, எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார் என்று எழுதினேன். பனிநாட்டுக்காரர் ஒருவர், அந்த அம்மாள் எந்தக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார், பரிசு கிடைத்ததா என்று கேட்டார். படம் இல்லாமல் பூத்ததாகச் சொல்வது குழுவின் மரபுக்கு ஒவ்வாது என்று வேறொருவர் நாசூக்காக நினைவூட்டினார். ஈரத்துணி அம்மாள் மட்டும் இதயப் பொம்மை போட்டிருந்தாள், எதற்கென்று தெரியவில்லை.

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. “சூடா கீது, பாத்து” என்றாள். நைனா கட்டிலில் திரும்பிப் படுத்தார். இரண்டு நாளாகக் கால் வீங்கி, எதிரே இருந்த சாவு வீட்டுக்குக்கூட நடக்க முடியாமல், காலையிலிருந்து சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

“பூத்துட்ச்சாமே?”

“பூத்துச்சு நைனா.”

“இன்னா நீலம்? மயில் கழுத்தா?”

“இல்ல.”

“ராமர் பச்சைச் சாயத்துல கொஞ்சம் நீலம் கலந்தா வரும், அதுவா?”

“இல்ல நைனா. நூல்ல அது வராது.”

 எதிர்வீட்டைக் கழுவிவிடுகிற தண்ணீர் தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது.

“எனக்கும் ஒண்ணு பூக்க வெக்கறியா?”

“மறுபடியும் மொதல்லேர்ந்து வரணும் நைனா. சித்தூருக்கு எடுத்துக்கினு போயி, புளிக் குடோன்ல வெச்சி… ரெண்டு வருசம் கூட ஆவும்.”

“ஆவட்டும்” என்றார் நைனா. “எனக்கு இன்னா அவசரம்?”